பேசலாம், பாடக் கூடாது

கர்ப்பிணிக்கு ஏற்ற தேகாப்பியாசம் எது என்னும் வினாவுக்கு வைத்திய சாஸ்திரம் எவ்வளவு நிதானமாக விடை சொல்கிறதோ, அவ்வளவு அவசரமாகவும் அதைவிட உறுதியாகவும் விடை சொல்ல வல்லது குடும்பம் என்பதை, என் தலைச்சன் பிள்ளை வயிற்றிலிருந்த காலத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன். "குனிஞ்சு நிமிர்ந்து பெருக்கும்மா, சுகப்பிரசவம் ஆகும்" என்று மாமியார் திருவாய் மலர்ந்தருளினார். சுகப்பிரசவத்துக்கு உகந்த அப்பியாசங்கள் யாவும், வேலைக்காரி வராத நாட்களில் மிஞ்சிக் கிடக்கும் வேலைகளாகவே அமைந்தது தெய்வ சங்கற்பம் போலும். பாட்டியோ, கையை உயரத் தூக்கினால் சிசுவின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்று தடையுத்தரவு போட்டவர். ஆயினும் பரண்மேலுள்ள ஊறுகாய் ஜாடியை எட்டி எடுப்பது அத்தடைக்கு உட்பட்டதன்று என்ற வியாக்கியானத்தையும் அவரே செய்தார். இரவில் புரண்டு படுக்கலாகாது. எழுந்து உட்கார்ந்து, பக்கம் மாறி, மறுபடி சாய வேண்டும். பயில்வானுக்குரிய இந்தச் சாதகத்துக்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர் ஓய்வு.

டாக்டரம்மாவின் சட்டம் சுருக்கமானது. கருப்பை பெருத்தபின் மல்லாந்து படுத்தால் பெரிய இரத்தக்குழாய் அழுந்துமாதலால் அந்நிலையில் பயிற்சி வேண்டாம். ரிலாக்சின் என்னும் ஹார்மோன் மூட்டுகளின் கட்டுகளை நெகிழ்த்துவதால் விழ நேரும் விளையாட்டும் வேண்டாம். உதிரப்போக்கோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். வேறு சிக்கல் இல்லாத எனக்கு வாரம் 150 நிமிஷ நடை போதும். 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 140-ஐத் தாண்டலாகாது என்று விதித்து, 1994-இல் அவ்வரம்பைத் தானே நீக்கிக்கொண்டது. எங்கள் இல்லத்தில் விதிகள் பிறக்குமேயன்றி ரத்தாவதில்லை.

வேகத்தை அறிவது எப்படி என்று கேட்டேன். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது" என்றார் டாக்டரம்மா. இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிறவியிலேயே பூர்த்தியாகியிருந்தமையால், நாற்காலியில் சும்மா சாய்ந்திருக்கும்போதும் நான் தேகாப்பியாசம் செய்துகொண்டிருந்ததாகவே கொள்ள வேண்டும். முதல் நிபந்தனைக்கோ எங்கள் தெருவே துணை நின்றது: "எத்தனாம் மாசம்?" என்று வாசலுக்கு வாசல் நிறுத்தி, வயிற்றின் வடிவை நோக்கி ஆணா பெண்ணா என்று ஆரூடமும் சொல்லி அனுப்பியதில், பேச்சில் முதல் வகுப்பில் தேறிய நான், நடையில் தெருமுனைப் பிள்ளையாரைக்கூட எட்டவில்லை.

பிள்ளை பிறந்ததும், பச்சை உடம்புக்காரி தரையில் கால் வைக்கலாகாது என்று அதே சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆனால் பிறந்தவன் அச்சபையின் அங்கத்தினன் அல்லன். தூக்கிக்கொண்டு நடந்தாலொழிய உறங்கேன் என்று அவன் பிடித்த பிடிவாதத்தில், வாரத்துக்குரிய 150 நிமிஷமும் ஓர் இரவிலேயே தீர்ந்துபோயிற்று. எனினும், நடந்துகொண்டே தாலாட்டும் பாடித் தொலைத்தேனாகையால், டாக்டரம்மாவின் சூத்திரப்படி அது தேகாப்பியாசக் கணக்கில் சேராது.