ஆறு வயசு பத்தலீங்க

சைக்கிளுக்கு என்று வாங்கி வைத்திருந்த டியூப் காணாமல் போன மூன்றாம் நாள், ஜன்னல் கம்பியில் கிடைத்தது. ஒரு முனை கம்பியில். மறுமுனை பெரியம்மாவின் கையில். கீழே மணைப்பலகை, அதற்கடியில் பழைய போர்வை. சுவரில் கால்களை ஊன்றிக்கொண்டு டியூபை மார்பு வரைக்கும் இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் பலகை முன்னும் பின்னும் வழுக்கியது. ஜன்னல் கொஞ்சம் முனகியது.

பெரியப்பா காபி டம்ளரோடு நின்று பார்த்தார். "ஏம்புள்ள, ஜன்னலக் கழட்டி வெலைக்குப் போடப் போறயா?"

"துடுப்புப் போட்டுப் பழகறனுங்க. மே மாசம் ஊட்டில படகுப் போட்டி. தம்பதியர் பிரிவு."

"தம்பதின்னா ரண்டு பேருல்ல?"

"ஆமாங்க. உங்க பேரையும் குடுத்தாச்சு."

கோயமுத்தூர்க்காரர்களுக்கும் படகுக்கும் பெரிதாகக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் அதை வேடிக்கை பார்க்கவே பேரூருக்கு வண்டி கட்டுகிற ஊர் இது. மிஞ்சிப்போனால் பரிசல். பில்லூர் அணைப்பக்கம் பரளிக்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றி, கரையேறி, மலைமக்கள் சமைத்த ராகிக்களியைச் சாப்பிட்டுவிட்டு வரலாம். வாலாங்குளத்தில் படகுச் சவாரி வந்ததெல்லாம் நேற்று முந்தாநாள் கதை.

ஆனால் பெரியம்மாவிடம் சரித்திர ஆதாரம் இருந்தது. ஊட்டி ஏரியை 1823 முதல் 1825 வரைக்கும் வேலை பார்த்து உண்டாக்கியவர் ஜான் சலிவன். அவர் அப்போது கோயம்புத்தூர் கலெக்டர். "நம்ம ஜில்லா கலெக்டர் உண்டாக்குன ஏரி. அதுல நாம எறங்காம மெட்ராசுக்காரங்களா வந்து எறங்குவாங்க?" என்று கேட்டார். மெட்ராசுக்காரர்கள்தான் வருஷா வருஷம் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகிறார்கள் என்பதைப் பெரியப்பா சொல்ல நினைத்து, காபியோடு விழுங்கிவிட்டார்.

பெரியம்மாவுக்கு வயது 66. அதில் முப்பது வருஷம் பஞ்சாலையில், ரீலிங் பிரிவில் கழிந்தது. கோவையில் மில் என்பது 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கிய சமாச்சாரம். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரெங்கும் புகைபோக்கி முளைத்தது. கடிகாரம் இல்லாத வீடுகளும் மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சோறு வடித்த காலம் அது. பெரியம்மா ஷிப்ட் முடிந்து வந்து, ரெண்டு பிள்ளைகளையும் ஒரு மாமியாரையும் தாண்டிப் போய் மாவாட்டுவார். ஊர் முழுக்க வெட் கிரைண்டர் செய்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பின்னாளில் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அவர் வீட்டில் மட்டும் கல்லுரல் கடைசி வரைக்கும் ஓய்வு பெறவில்லை. அந்த வலது கையை நம்பித்தான் இப்போது படகு.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று மகன் கேட்டபோது, சேமித்து வைத்திருந்த உதாரணங்கள் வரிசையாக வந்தன. பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்த நானம்மாள் 2018இல் பத்மஸ்ரீ வாங்கும்போது அவருக்கு வயது 98. அப்போதும் யோகாசனம் செய்துகொண்டிருந்தார். 2024 மே மாதம் குனியமுத்தூரில் நடந்த வலுதூக்கும் போட்டியில், 82 வயதுப் பொள்ளாச்சிப் பாட்டி ஒருவர் 50 கிலோ தூக்கி ஐந்தாம் இடம் பிடித்தார்.

"யோகாவுலயே ஒரு படகு இருக்குதல்ல, நாவாசனம்? அதுல தண்ணியுமில்ல, நானுமில்ல" என்று பெரியப்பா ஒரு சமரசத் திட்டம் வைத்தார். எடுபடவில்லை.

போட்டி நாளன்று ஊட்டியில் குளிர் கம்மிதான். ஆனாலும் பெரியப்பா குரங்குக் குல்லாய் போட்டு, அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டியிருந்தார். பெரியம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, வலது பக்கத் துடுப்பைப் பிடித்தார். இடது பக்கம் பெரியப்பா. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமலே மனைவி சொற்படி உழைப்பதில் பெரியப்பாவுக்கு 44 வருஷ அனுபவம் இருந்ததால், அந்த விதி அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

விசில் ஊதினார்கள்.

"வலிங்க!" என்றார் பெரியம்மா.

"ஆமாம்புள்ள, முழங்கால்தான். ஏறும்போதே வலிச்சுது."

"அய்யோ, துடுப்ப வலிங்க!"

அதற்குள் ரீலிங் பிரிவின் வலது கை நாலு முறை இழுத்துவிட்டது. ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் சாதுவாகவும் இழுத்தால் படகு சாதுப் பக்கம் திரும்பும் என்பது இயற்கை. அது அழகாகத் திரும்பி, ஒரு முழு வட்டம் அடித்து, புறப்பட்ட இடத்தையே பார்த்து நின்றது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பெரியப்பா போட்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிடு போட்டார். இரண்டாவது சுற்றில்தான் வழி பிடிபட்டது. கடைசிப் படகாக வந்து சேர்ந்தபோது, முதல் பரிசு வாங்கிய தேனிலவு ஜோடி மக்காச்சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பேரன் ஆறுதலுக்காக ஆலப்புழை நேரு கோப்பைப் பந்தயத்தை டிவியில் போட்டுக் காட்டினான். சுண்டன் வள்ளம் ஒன்றில் ஏறக்குறைய நூறு பேர். பாட்டுக்கு ஏற்ப அத்தனை துடுப்பும் ஒன்றாக விழுந்தது. பெண்கள் துடுப்புப் போடும் தெக்கனோடிப் படகுகளும் அங்கே உண்டு. "நூறு பேரு ஒண்ணா வலிக்கறாங்க. நம்மூட்ல ரண்டு பேருக்கு ஆகல" என்று பெரியம்மா பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் பேரன் போனில் தேடி அந்தச் சேதியைப் படித்தான். உலக அளவில் மாஸ்டர்ஸ் துடுப்புப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. 27 வயதானவர்கள் முதல் சேரலாம். குழுவின் சராசரி வயதை வைத்துப் பிரிவு: 55க்கு ஒன்று, 60க்கு ஒன்று, 65க்கு ஒன்று, அதற்கு மேலும் உண்டு. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வயது கூடக் கூட எதிராளி குறைவான் என்கிற கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. ஊட்டியில் அப்படிப் பிரிவு இல்லை என்று பேரன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பெண் துணை மட்டும் வேண்டும். போனை எடுத்தார்.

"சம்மந்திம்மா, சாப்டாச்சுங்களா? ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு நெச வயசு என்னங்க?"

மறுமுனையில் நீண்ட அமைதி.

"அம்பத்தெட்டுங்க."

கல்யாணப் பேச்சு நடந்த பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அதே அம்பத்தெட்டுதான். பெரியம்மா காலண்டர் அட்டையின் பின்பக்கம் கூட்டி, இரண்டால் வகுத்துப் பார்த்தார். அறுபத்திரண்டு. அறுபத்தைந்துப் பிரிவுக்கு எட்டவில்லை.

"ஆறு வயசு பத்தலீங்க, சம்மந்திம்மா. கொஞ்சம் பாத்து ஏத்திச் சொல்லுங்களே."