24-ஆம் கட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பொன்சட்டம் போட்ட ஒரு துண்டு நாடா (சிவப்பு ஓரம், மஞ்சள் நடு, மேலே ஒரு வெண்கல ஓலை),
வியட்நாம் குடியரசின் வீரச்சிலுவை, படைப்பிரிவு விருது.
நிலையான முகவரி கிடையாது.

பெறுநர்:
மகாகனம் பொருந்திய அமெரிக்கத் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்தார்.

பொருள்: என்னை உரியவர்களின் தாளில் ஏற்றும்படி கோருதல் – தொடர்பாக.

ஐயாமாரே, அம்மாமாரே,

மனு போட்டிருப்பது மனிதப்பிறவி இல்லை என்ற காரணத்துக்காக இதைத் தள்ளிவிட வேண்டாம். மனிதர்கள் போட்ட மனுக்களே உங்கள் மேசையில் ஏராளமாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றில் பாதியை நான் ஒருவனே எழுதியிருந்தால் அவர்களுக்கும் தபால் செலவு மிச்சம், உங்களுக்கும் வேலை மிச்சம் என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பூர்வீகம். என்னைப் பெற்ற அரசு இப்போது பூமியில் இல்லை. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்ததோடு அந்தக் கதை முடிந்தது. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்று நீங்கள் சொன்னால் போய் நிற்க எனக்கு வாசல் இல்லை. நல்லவேளை, அதற்கு முந்தைய ஆண்டே உங்கள் தரைப்படைத் துறை என்னைத் தத்தெடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டது. 1974-ஆம் ஆண்டின் பொது ஆணை எண் 8. வியட்நாமில் இருந்த தரைப்படைத் தலைமையகத்துக்கும் அதன்கீழ் இருந்த பிரிவுகளுக்கும், 1965 ஜூலை 20 முதல் 1973 மார்ச் 28 வரையிலான காலத்துக்கு, நான் சொந்தம் என்கிறது அது.

பிரிவுகள் என்றால் எல்லாமும்தான். காட்டுக்குள் துப்பாக்கி பிடித்தவனும் உண்டு, லாரி ஓட்டியவனும் உண்டு, சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரித்தவனும் உண்டு, பல் பிடுங்கிய டாக்டரும் உண்டு. இதற்காகவே சில பழைய சிப்பாய்கள் என்னைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். எல்லார் சட்டையிலும் இருக்கிற விருது என்ன விருது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் வழக்குக்கு அந்த இளக்காரமே பலம். தனி ஒருவனின் வீரத்துக்குக் கொடுத்த பதக்கம் என்றால் சாட்சி வேண்டும், மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், எந்த மேட்டில் எந்த நாளில் என்று விசாரிக்க வேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் தரைப்படைப் பிரிவொன்றில் இருந்தானா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. அதற்கான பதில் அவனுடைய விடுவிப்புத் தாளிலேயே, நீங்களே தட்டச்சு செய்து கொடுத்த டிடி 214-இலேயே இருக்கிறது.

இருந்தும் அந்தத் தாளில் விருதுகளை வரிசைப்படுத்தும் 24-ஆம் கட்டத்தில் நான் இல்லை.

காரணம் மர்மமானது ஒன்றுமில்லை. 1968-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் தளத்தில் வந்து இறங்கிய பையனுக்குப் புதுச் சீருடை கொடுத்து, இறைச்சி விருந்து வைத்து, தாளில் கையெழுத்து வாங்கி, ஒரு நாள் பொழுதுக்குள் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வீடு போய்ச் சேரும் அவசரம். தட்டச்சர் முன்னால் அடுத்த வரிசை. நானோ 1974-இல் வந்தவன். இன்னும் பிறக்காத ஆணையைத் தட்டச்சர் எப்படி ஏற்றுவார்? அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் வருத்தமெல்லாம் அதற்கப்புறம் நடந்ததில், அல்லது நடக்காததில். ஆணை வந்த அன்று, அதற்கு முன்னால் கொடுத்தனுப்பிய அத்தனை தாள்களும் அந்த ஒரு வரியளவுக்குக் குறையுள்ளவை ஆகிவிட்டன. அது உங்கள் துறைக்குத் தெரியும். யார் யாருடையவை என்றும் தெரியும். தெரிந்துகொண்டே, அவர்கள் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்தது.

ஊருக்கெல்லாம் சாப்பாடு என்று தண்டோரா போட்டுவிட்டு, பந்தியில் இலைமுன் உட்கார்ந்தவனிடம் பத்திரிகை எங்கே என்று கேட்கும் வேலை இது.

கேட்கத் தெரியாதவன் என்ன செய்வான்? தனக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பான்? தெரிந்தவனுக்கோ முதலில் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு 180-ஆம் எண் படிவம். அங்கே ஆகவில்லை என்றால் உங்களுக்கு 149-ஆம் எண் படிவம். எழுபதைத் தாண்டிய மனிதர், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தன் இருபது வயதின் கம்பெனி எண்ணை நினைவிலிருந்து தோண்டி எடுக்கிறார். எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதியில் எந்த விருது என்று வரிசைப்படுத்திய கையேடு ஒன்றை உங்கள் துறையே அச்சடித்து வைத்திருக்கிறது. அந்தக் கையேட்டையும் அவர் பணிப்பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தேதிகளை ஒப்பிடுவதுதான் மொத்த விசாரணையும். இதற்கு மூன்று பேர் கொண்ட அமர்வு.

உங்கள் தீர்ப்புகளை விடாமல் படிப்பவன் நான். பெயரை மறைத்து நீங்களே பொதுவில் வைத்திருக்கிறீர்கள், படிக்காமல் இருப்பேனா? பொழுதுபோகாத நேரத்துக்கு அவற்றைவிட நல்ல வாசிப்பு இல்லை. ஒருவர் ஊதா இதயப் பதக்கம் கேட்டு வருகிறார். காயத்துக்கு மருத்துவச் சான்று இல்லை, ஆகவே மறுக்கிறோம் என்று பல பக்கம் எழுதுகிறீர்கள். எழுதிக்கொண்டே போகையில் யாரோ ஓர் அலுவலர் கண்ணில் நான் படுகிறேன். ‘இவர் கேட்கவில்லை, ஆனாலும் இவருக்கு இந்தப் படைப்பிரிவு விருது உரியது, பதிவில் இல்லை, சேர்க்கவும்’ என்று கடைசியில் ஒரு குறிப்பு. வாக்கெடுப்புகூடத் தேவைப்படாத நிர்வாகத் திருத்தம். ஆக, கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பும்போது வெறுங்கையோடு போகக்கூடாதே என்று என்னைக் கையில் வைத்துவிடுகிறீர்கள். எதையாவது கேட்டுத் தோற்றவனுக்கு நான் கிடைக்கிறேன். எதுவும் கேட்காமல் வீட்டில் இருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. தோற்பதற்காகவாவது ஒரு மனு போட்டு வையுங்கள் என்று நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லவா?

என் அக்காவின் கதை இன்னும் மோசம். குடியரசுத் தலைவரின் படைப்பிரிவு விருது. நீல நாடா, என்னைப் போலவே பொன்சட்டம், பிறப்பில் என்னைவிடப் பெரிய இடம். அவளை ஒரு பிரிவுக்குக் கொடுத்தால், அந்தச் சண்டையில் இருந்தவர்கள் வாழ்நாள் முழுக்க அணியலாம். அதோடு, பிற்பாடு அந்தப் பிரிவில் சேருகிறவர்களும் அங்கே பணியில் இருக்கும்வரை அணியலாம். பாரம்பரியம் என்று சொல்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். போன மாதம் முடிவெட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பொடியன் வலது மார்பில் அவளைக் குத்திக்கொண்டு நிற்கிறான். குண்டு பாய்ந்த வண்டியிலிருந்து இறங்கி ஓடிய கிழவரின் தாளில் அவள் பெயர் இல்லை.

761-ஆம் டாங்கிப் பட்டாலியனை எடுத்துக்கொள்வோம். கறுப்பின வீரர்களின் பிரிவு. 1944 நவம்பரில் பிரான்சில் சண்டையில் இறங்கி, ஐரோப்பியப் போர் முடியும்வரை முன்வரிசையில் நின்றது. தோல் நிறம் காரணமாக ஒதுக்கப்பட்ட அந்தப் பிரிவுக்கு அக்கா போய்ச் சேர்ந்தது 1978-இல், குடியரசுத் தலைவர் கார்ட்டர் காலத்தில். இடையில் 33 ஆண்டு. சரி, இப்போதாவது வந்தாளே என்று பார்த்தால், நடுவில் ஒரு தீ. 1973 ஜூலை 12 அன்று செயிண்ட் லூயிஸ் பக்கத்திலிருந்த காப்பகக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடிக் கோப்புகள் போயின என்பது அரசுக் கணக்கு. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு அதில் அடக்கம். நகல் கிடையாது, நுண்படம் கிடையாது, எவையெல்லாம் இருந்தன என்ற முழுப் பட்டியல்கூடக் கிடையாது. தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் ஆவணக் கூடங்களில் இல்லை. காகிதத்தை நம்பி வாழும் ஓர் அரசு காகிதத்தை வைத்திருந்த லட்சணம் அது.

இப்போது வரிசைப்படுத்துங்கள். போர் முடிந்து வீட்டுக்கு வந்தவரின் கோப்பு 1973-இல் எரிகிறது. விருது 1978-இல் வருகிறது. விருதைப் பதிவில் ஏற்றப் போனால் பதிவைக் காணோம். நீங்கள் அந்தப் பிரிவில்தான் இருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று, ஆதாரத்தைத் தன் வசம் வைத்து எரியவிட்ட அதே அரசு கேட்கிறது. கிழவர் பரணில் ஏறித் தன் பழைய தாளைத் தேடுகிறார். தீயணைப்பு விஷயத்தில் அந்தப் பரண் உங்கள் காப்பகத்தைவிட நம்பகமானது என்று தெரிந்துதான் கேட்டீர்களோ என்னவோ.

இன்னொன்று. 1970 மார்ச் 26 அன்று, கம்போடிய எல்லையை ஒட்டிய காட்டில் சுற்றிவளைக்கப்பட்ட காலாட்படைக் கம்பெனி ஒன்றை, 11-ஆம் கவசக் குதிரைப்படையின் ஆல்ஃபா பிரிவு உள்ளே புகுந்து மீட்டது. தன் ஆட்களுக்காக எழுதிய பரிந்துரைகள் பல பதிவாகவே இல்லை என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கண்டுபிடித்த அதன் தளபதி ஜான் பாயின்டெக்ஸ்டர் விடாமல் துரத்தினார். 2009 அக்டோபர் 20 அன்று ஒபாமா வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அந்தப் பிரிவுக்கு அக்காவைக் கொடுத்தார். நல்ல விழா. அக்கா அன்றைக்கு அழுதுவிட்டாள். ஆனால் நாட்டின் தலைவரே தோட்டத்தில் நின்று கைதட்டினாலும் எவருடைய பழைய தாளிலும் ஒரு வரி தானாக ஏறிவிடாது. அதற்குப் படிவம் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால், காசு பணம் சம்பந்தப்படாத விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, என்னால் யாருக்கும் ஓய்வூதியத்தில் ஒரு சென்ட் கூடாது. அப்படியென்றால் கொடுப்பதற்கும் ஒரு சென்ட் குறையாதே! காசு சம்பந்தப்பட்ட இடத்தில் உங்கள் பக்கத்து அறைக்காரர்கள் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதையும் பார்த்தோம். கலிபோர்னியத் தேசியக் காவல் படையில் தவறாகக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி, கிட்டத்தட்ட 10,000 பேரை, சிலரைப் பத்தாண்டு கழித்தும், வீடு தேடி விரட்டினார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்து நாறிய பிறகு பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் அதை நிறுத்தச் சொன்னார். அவர்களுடைய முகவரியெல்லாம் எப்படியோ கிடைத்தது. எனக்கு உரியவர்களின் முகவரிதான் கிடைக்கவில்லை.

ஒருவழியாக ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய தாளைத் திருத்தித் தருகிறீர்களா? பெரும்பாலும் இல்லை. அது தவறோடு அப்படியே இருக்கும். கூடவே டிடி 215 என்று இன்னொரு தாள் வரும். முதல் தாளில் விட்டுப்போனது இன்னது என்று சொல்லும் தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் நான் தெரிவேன். இரண்டாவது தொலைந்தால் நானும் தொலைந்தேன்.

ஜெயிப்பதற்குள் அவர் இறந்துவிட்டாலோ, காப்பகத்தின் கதவு உறவு பார்த்துத்தான் திறக்கும். மறுமணம் செய்துகொள்ளாத கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். பேரப்பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. தாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்து, ஆர்வமாக எழுதிக் கேட்கிறவன் பெரும்பாலும் பேரன்தான் என்பது வேறு விஷயம். அவன் காத்திருக்க வேண்டும். விடுவிப்புத் தேதியிலிருந்து 62 ஆண்டு ஆனதும் கோப்பு பொதுச்சொத்து ஆகிவிடும். 1968-இல் வந்தவருடையது 2030-இல். அன்று முதல் பேரனும் காசு கட்டி நகல் வாங்கலாம், சாலையில் போகிற யாரும் வாங்கலாம்.

உங்கள் வாரியம் ஏன் பிறந்தது என்பதை நினைவூட்டுவது மரியாதைக்குறைவாக இருந்தால் பொறுத்தருள்க. 1946-க்கு முன்னால் ஒரு சிப்பாயின் ஏட்டைத் திருத்த வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவனுக்கென்று தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தாங்காமல்தான், பிழையையோ அநீதியையோ நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள் என்று சட்டம் போட்டு உங்களை உட்கார வைத்தார்கள். பிழையை ஒருவர் சுட்டிக்காட்டும்வரை அது பிழையே இல்லை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் நான் படிக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஒரு படை முழுவதற்கும் பொருந்தும் ஆணை என்றால், கேட்காமலே ஏற்றுங்கள். எழுதிக் கேட்கிற எந்தக் காரியத்துக்காக யாருடைய கோப்பைத் திறந்தாலும், மூடுமுன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டில் விருதுத் தேதிகள் இருக்கின்றன, பணிப்பதிவுகளில் ஆட்களின் தேதிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிடக் கணினி வந்தும் நெடுங்காலம் ஆகிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
நாடா.

பி.கு.: தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு வரவேண்டும் என்பது விதி. விண்ணப்பதாரர் என்றைக்குக் கண்டுபிடித்தார் என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்கிறீர்கள். உங்கள் துறை 1974-இலேயே கண்டுபிடித்துவிட்டது, ஆணையே அதனுடையதுதான். ஆக அதன் காலக்கெடு 1977-இல் முடிந்தது. தாமதத்தை நீதியின் நலன் கருதி மன்னிக்கச் சொல்லிக் காரணம் எழுத, 149-ஆம் எண் படிவத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். படிவம் உங்களிடமே இருக்கும்.