மூணா, நாலா?

2014 செப்டம்பரில் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் போனவர்களின் காதில் இந்தக் கேள்வி விழாமல் இருந்திருக்காது. "இன்னாண்ணே, மூணா நாலா?" என்று ஒருவர் கேட்பார். எதைப் பற்றி என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தண்டனை கொடுத்தால் அது மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா? விடுதலைதான் என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்கள் குரல்தான் ஓங்கியும் இருந்தது. ஆனால் மனதில் கொஞ்சம் சந்தேகம் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வருட வித்தியாசத்தில்தான் வந்து நின்றார்கள்.

அந்த வித்தியாசத்துக்குள் சட்டம் இருந்தது. மூன்று ஆண்டு வரையிலான தண்டனை என்றால், தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே அதை நிறுத்திவைத்து அன்றைக்கே ஜாமீன் கொடுக்கலாம். ஒரு நாள் கூடினாலும் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதுவரைக்கும் பரப்பன அக்ரஹாரா சிறைதான். பதவி எப்படியும் போய்விடும். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் உட்கார்ந்திருக்கும் வழியை அடைத்துவிட்டது. அந்த ஆண்டே லாலு பிரசாத் எம்.பி. பதவியை இழந்தார். ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவருக்குச் சிறைக்காலம் போக இன்னும் ஆறு வருடம் தேர்தல் கிடையாது. சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணி, "நாலும் ஆறும் பத்து. ரெண்டாயிரத்து இருபத்துநாலு" என்றார். ஒரு வக்கீல்கூட அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

நான் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் மஸ்டர் எழுதியவன். அப்பா சாம்பியன் ரீஃபில் பாதாளத்துக்கு இறங்கியவர். அவருடைய காலத்தில் இந்த ஊர் ஊகம் செய்ததெல்லாம் பூமிக்கு அடியில் நடப்பதைப் பற்றித்தான். அது மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம். பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் சட்டி பானை அதிரும். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், யாருடைய ஷிப்ட், உள்ளே எத்தனை பேர் என்று பெண்கள் ஷாஃப்ட் வாசலில் நின்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆபீஸ் வாய் திறப்பதற்குள் லைன்களில் கணக்கு முடிந்திருக்கும். பாறை எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா என்பதை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. அந்த ஊகம் உயிரைப் பற்றியது, நம் வீட்டு உயிரைப் பற்றியது. அதனால் அதில் ஒருவரும் விளையாடியதில்லை.

அப்படிப்பட்ட ஊர் சென்னையில் இருந்த ஒரு தலைவரின் தண்டனையை எப்படித் தன் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தங்கவயலின் கதை தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது. வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்கள் நாங்கள், பெரும்பாலும் தலித்துகள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து இந்த மண்ணைத் தோண்டியவர்கள். பேச்சு தமிழ், மாநிலம் கர்நாடகம். எம்.ஜி.ஆர். படம் இல்லாத வீடு லைன்களில் அபூர்வம். 1983, 1989, 1999 என்று மூன்று முறை எங்கள் தொகுதி அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலத்தை பெங்களூரு விதான் சௌதாவுக்கு அனுப்பியது. இரட்டை இலை கர்நாடகத்தில் வென்றது என்றால் பெரும்பாலும் அது எங்களால்தான். நடுநடுவே கம்யூனிஸ்ட் கட்சியும் குடியரசுக் கட்சியும் வென்றிருக்கின்றன, அவையும் எங்கள் கட்சிகளே. ஆனாலும் அந்த இலை எங்களுக்குச் சொந்த ஊரிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

இப்படித் தீர்ப்பை ஊகிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை என்ற செய்தி வந்த அன்று தருமபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்தைக் கொளுத்தினார்கள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். எங்கள் லைன்களில் பாதிப் பேருக்கு தருமபுரிப் பக்கம் பங்காளிகள் உண்டு. அன்று இரவு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் டி.வி. சத்தமாக ஓடவில்லை. ஒரு தீர்ப்பை உயிருக்கு உயிராக எதிர்பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற அரசியல், அது பாதகமாக வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தப் பெண்களுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. முதலில் 20-ஆம் தேதி என்றார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு வாரம் தள்ளி, சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்துக்கு மாற்றினார்கள். இடம் மாறியதே ஊகத்துக்குத் தீனி போட்டது. "ஜெயிலுக்குள்ளயே கோர்ட்டுன்னா முடிவு பண்ணிட்டாங்கபா" என்றது ஒரு கட்சி. "Z பிளஸ் பாதுகாப்புப்பா, வேற எங்க வைப்பாங்க" என்றது இன்னொரு கட்சி. எங்களுக்கு இதோடு இன்னொரு கவலையும் இருந்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு பெங்களூரில் தமிழர்கள் பட்ட பாடு பெரியவர்களுக்கு மறக்கவில்லை. அன்று காலையிலிருந்து ஊரில் பாதி பேர் போனில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா, வாயத் திறக்காத."

மாலையில் தண்டனை வந்தது. நான்கு ஆண்டு, 100 கோடி அபராதம். உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, சுதாகரன், இளவரசி மூவருக்கும் நான்கு ஆண்டு, ஆளுக்கு 10 கோடி. நான்கு என்று சொன்னவர்கள் ஜெயித்தோம் என்று சொல்லவில்லை. சரியாகச் சொன்னதே பாவம் என்பது போல நின்றார்கள்.

இதை காவிரித் தீர்ப்பு என்றும், கன்னட நீதிபதி தமிழகத் தலைவரைத் தண்டித்தார் என்றும் பேசியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அது அநியாயமான பேச்சு. தமிழ்நாட்டில் நியாயமாக நடக்காது என்று தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் போட்ட மனுவில், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் வழக்கை பெங்களூருக்கு மாற்றியது. 1991 முதல் 1996 வரையிலான 66 கோடியே 65 லட்சம் ரூபாய்ச் சொத்துக்குக் கணக்குக் கேட்ட வழக்கு பதினெட்டு ஆண்டு இழுத்தது. 2011-இல் ஜெயலலிதாவே நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அத்தனையையும் ஒரு நீதிபதியின் பிறந்த ஊரில் கட்டிவிடுவது எளிது. எட்டு மாதம் கழித்து அவரை விடுதலை செய்தவரும் கர்நாடக நீதிபதிதானே?

அதற்கு முன் அக்டோபர் 7 வந்தது. உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு. அரசுத் தரப்பு வக்கீல் பவானி சிங் ஆட்சேபம் இல்லை என்று சொன்ன நொடியில் ஜாமீன் கிடைத்துவிட்டதாகச் செய்தி பறந்தது. டி.வி.யில் பட்டாசு, லட்டு. எங்கள் பக்கமும் ஒருவர் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவிட்டார். சற்று நேரத்தில் ஜாமீன் மறுக்கப்பட்டது. 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்து, மறுநாள் அவர் வெளியே வந்தார்.

2015 மே 11-ஆம் தேதித் தீர்ப்பைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழிலைத் தொட்டது. நீதிபதி சி.ஆர். குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். வருமானத்துக்கு மேல் இருந்தது 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள் இருந்தால் குற்றமில்லை என்றார். மறுநாளே கடன் பட்டியலின் கூட்டல் வெளியே வந்தது. தீர்ப்பில் மொத்தம் 24 கோடியே 17 லட்சம் என்றிருந்தது. அந்தப் பத்துக் கடன்களையும் கூட்டினால் வருவது 10 கோடியே 67 லட்சம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானே கூட்டிப் பார்த்தேன். மஸ்டரில் ஒரு தொழிலாளிக்கு அரை நாள் கூடுதலாக விழுந்தால் சம்பளப் பட்டியல் திரும்பி வரும். கூட்டிய எழுத்தர் விளக்கம் எழுத வேண்டும். இங்கே 13 கோடியே 50 லட்சம் பிசகியிருந்தது, அந்தப் பிசகோடு ஒருவர் மறுபடியும் முதல்வர் ஆனார். ஊரில் அன்று பட்டாசு வெடித்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தப்பான கூட்டலைக் காட்டியபோது, "விடுங்கண்ணே, ஜெயிச்சாச்சு" என்றார்களே, அதுதான் என்னை வருத்தியது.

கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது. 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைத்தது. டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரி 14-ஆம் தேதி நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் டி'குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். சசிகலா மறுநாள் சரணடைந்து நான்கு ஆண்டை முழுக்கக் கழித்தார். மூணா நாலா என்று ஊரே கேட்ட அந்த நாலு, யாருக்காகக் கேட்டோமோ அவருக்குக் கடைசிவரை பொருந்தவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். லில்லி தாமஸ் தீர்ப்பு 2013 ஜூலை என்றேன். அதே மாதம், அதே உச்ச நீதிமன்றம், இன்னொரு வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. அது எங்கள் வழக்கு. பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. கடைசியாக அதில் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். நூற்றிருபது ஆண்டில் 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கம் அது. மூடியது சரியா, தொழிலாளர்களே எடுத்து நடத்தலாமா என்று தொழிற்சங்கங்கள் பெங்களூரு உயர் நீதிமன்றத்துக்கும் டெல்லிக்குமாக நடந்தன. 2006-இல் மத்திய அமைச்சரவை உலகளாவிய டெண்டருக்கு முடிவெடுத்தது. அந்த டெண்டரை விடலாம் என்று சொன்னதுதான் 2013 ஜூலைத் தீர்ப்பு.

அதைப் பற்றி மார்க்கெட்டில் யாரும் "இதுவா, அதுவா?" என்று கேட்கவில்லை. ஜெயலலிதாவுக்குத் தேர்தல் தடை எந்த ஆண்டு வரை என்று எண்ணிச் சொன்ன அந்த டிம்பர்மேன் மாமாவுக்குத் தன் வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்று தெரியாது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. சென்னைத் தமிழ்ச் சேனல்களுக்கு நாங்கள் கர்நாடகம், பெங்களூருப் பத்திரிகைகளுக்கு நாங்கள் தமிழர்கள். எங்கள் வழக்கை நொடிக்கு நொடி சொல்ல ஆளில்லை. எல்லாக் காகிதமும் ஆங்கிலத்தில். சுரங்கம் மூடியபோது எங்கள் எம்.எல்.ஏ. நாங்களே தேர்ந்தெடுத்த இரட்டை இலைக்காரர். 2001-இல் அந்தத் தலைவர் டான்சி வழக்குத் தண்டனையோடு முதல்வராகி, செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தால் பதவி இழந்ததை நாள் தவறாமல் பேசினோம். அதே ஆண்டில்தான் வீடு வீடாக அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அப்பா காலத்தில் ஷாஃப்ட் வாசலில் நின்று கேட்டே தீர வேண்டும் என்று நின்ற ஊர், தன் விஷயத்தைக் கேட்கும் பழக்கத்தை எங்கேயோ இழந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

2025 பிப்ரவரியில் சொத்துக்குவிப்பு வழக்கின் நகைகளை பெங்களூரு நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைத்தது. சுமார் 27 கிலோ. பெட்டி பெட்டியாக எண்ணி, எடை போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்ததை டி.வி.யில் பார்த்தோம். எங்கள் சுரங்கம் மூடும் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 3 கிராம் அளவில்தான் தங்கம் வந்தது. அந்தக் கணக்கில் 27 கிலோவுக்கு 9,000 டன் பாறை வெட்ட வேண்டும். அதை வெட்டியவர்கள் நெஞ்சில் தூசியோடு இன்னும் லைன்களில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் அப்படிப் பட்டியல் போட்டு எண்ணவில்லை.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுரங்கக் கழிவு மண் குவிந்த எங்கள் ஊரின் பதின்மூன்று சயனைடு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல், மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான மண். மேடு கிளறினால் சயனைடு தூசி எந்த லைன் பக்கம் பறக்கும், வேலை யாருக்கு, லைன் வீடுகளுக்குப் பத்திரம் எப்போது என்பதெல்லாம் இனிமேல்தான் முடிவாக வேண்டும். இந்த முறை கிடைக்கிற காகிதங்களை நானும் இரண்டு மூன்று பேரும் தமிழில் எழுதி ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் வாசிக்கிறோம். போன வாரம் அந்த மாமா மேடுகளின் பட்டியலை நிறுத்தி நிறுத்திக் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல நம்ம லைன் எங்க வருது?" என்றார். சர்வே வரைபடம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது.