கவரிங்கே நகை: ஓர் ஆய்வேட்டின் சுருக்கம்

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. கவரிங் மட்டுமே நகை. அசல் தங்கம் என்பது கொக்கி வைத்த வைப்புநிதி. லட்சங்களில் விலைபோகும் சுவிஸ் கைக்கடிகாரமோ, ஒட்டியாணம் போட வெட்கப்படும் ஆண்கள் இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு ஏற்றிக்கொண்ட ஒட்டியாணம். கடலூர் மாவட்டத்தின் எந்தக் கல்யாண மண்டபத்திலும் இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார முடியாது. அதனால்தான் ஆய்வேடாக எழுத நேர்ந்தது. ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை என்பது பெரிய பாதுகாப்பு.

ஆய்வெல்லை வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம். கடலூரில் ‘சில்வர் பீச்’ இருக்கிறது, அதில் வெள்ளி இல்லை. அதைக் குறையாகச் சொல்லி இதுவரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சிதம்பரத்திலோ சிவபெருமானுக்குப் பொன்னம்பலம், மனிதருக்குக் கவரிங். தமிழ்நாட்டில் வேறு ஊர்களில்கூட ‘சிதம்பரம் கவரிங்’ என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். அசலும் முலாமும் ஒரே ஊரில் இப்படி அடுத்தடுத்து வாழும்போது ஆய்வாளன் வேறெங்கே போவான்?

முதலில் அளவைச் சிக்கல். கேரட் தரத்தை அளக்கிறது, கிராம் எடையை அளக்கிறது. பார்ப்பவரின் வயிற்றெரிச்சலை அளக்க அலகு இல்லை. இதற்குக் கடலூர் வரலாறே கைகொடுத்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சுட்டார்கள், விழுந்தது, அந்த வளையத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. நில அளவைத் துறை இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. கல்யாண மண்டபங்கள் கைவிடவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபம். மேடையில் நிற்கும் மணப்பெண்ணின் ஆரத்திலிருந்து புறப்படும் பளபளப்பு எத்தனையாவது நாற்காலி வரிசையில் போய் விழுகிறதோ, அதுவே அந்த நகையின் குண்டுத் தூரம். மூன்றாம் வரிசையைத் தாண்டிவிட்டால் அசல் எது, முலாம் எது என்று மனிதக் கண்ணால் பிரிக்க முடியாது. மூன்றாம் வரிசைக்குள் உட்கார்ந்திருப்பவர்களோ சம்பந்தி வீட்டார். அவர்களுக்குக் கண்ணே வேண்டாம். எத்தனை பவுன் என்பது நிச்சயத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். அப்படியானால் பளபளப்பு யாருக்காக? நான்காம் வரிசைக்காக. நான்காம் வரிசைக்குக் கவரிங் போதும். இந்தத் தருக்கத்தில் ஓட்டை இருப்பதாகத் தோன்றினால் நான்காம் வரிசையில் உட்கார்ந்து பார்க்கவும்.

அசல் தங்கத்தை நகை என்று அழைப்பதிலுள்ள தொல்லை, அதை யாரும் நகையாக நடத்துவதில்லை என்பதே. ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டு எவரும் நிறுத்துவதில்லை, ‘எத்தனை பவுன்?’ என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. எட்டு கிராம் ஒரு பவுன் என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மனப்பாடம். ‘கல்லு வச்சது வேணாம், விக்கும்போது கழிச்சிடுவான்’ என்று கடையில் நின்று சொல்லும் மாமியார் அணிகலனைப் பற்றிப் பேசவில்லை, முதிர்வுத் தொகையைப் பற்றிப் பேசுகிறார். வாங்குகிற நாளிலேயே விற்கிற நாளை நினைக்க வைக்கும் பொருள் உலகில் வேறு எத்தனை இருக்கும்? செய்கூலி புரிகிறது; ஒருவர் உட்கார்ந்து செய்கிறார், கூலி கேட்கிறார். சேதாரம்? வாங்குகிறவர் பணம் கொடுத்து, எடுத்துக்கொண்டு போக முடியாத தங்கம் அது. இதை விளக்கும் பொறுப்பைத் தத்துவத் துறைக்குத் தள்ளிவிடுகிறேன்.

2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எண் போட்டுப் பதிவு செய்தது சொத்து. சொத்தைக் காதில் மாட்டிக்கொண்டு நடமாடுவதற்கு அழகியலில் இடமில்லை. அரசின் நிலைப்பாடும் இதுவே என்பதற்குச் சான்று 2021-இல் கிடைத்தது. கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை அடகு வைத்திருந்தவர்களில் தகுதியானவர்களின் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. ஆசையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டகத்துக்குள் துணிப்பையில் கிடந்த நகைக்கே பலன். தங்கத்தின் இயற்கையான வாழிடம் எது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அரசாணை சொல்ல முடியாது.

முன்னோடி ஆய்வாளர் என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால் மொரார்ஜி தேசாயைத்தான் குறிப்பிட வேண்டும். நகையைப் பற்றி இந்நாட்டில் வெளியான கருத்துகளிலேயே யாருக்கும் பிடிக்காத கருத்து அவருடையது. நிதியமைச்சராக இருந்தபோது 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. பட்டறை இழந்த பொற்கொல்லர் குடும்பங்கள் பட்ட பாடு வேடிக்கைக்குரியதல்ல. அதை இங்கே தொடவில்லை. ஆனால் நகை வாங்குவோர் அதை எதிர்கொண்ட விதம் ஆய்வுக்குரியது. நாட்டுக்காகத் தங்கத்தைக் கழற்றிக் கொடுக்கத் துணிந்த தாய்மார்கள்கூட 14 கேரட்டைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. 1968-இல் சட்டமே வந்தது, 1990-இல் போயிற்று. தேசாயின் பிழை, பாதி வழியில் நின்றது. பத்துக் கேரட்டை உருவிவிட்டு மீதியை ஏன் விட்டுவைத்தார்?

கவரிங் அப்படிப்பட்ட பாதிப் பொய் அன்று. செம்பிலோ பித்தளையிலோ உரு செய்து, அழுக்கும் எண்ணெயும் போகக் கழுவி, தங்க உப்பு கரைந்த திரவத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் பொன் மேலேறுகிறது, மைக்ரான் கணக்கில். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘ஆறு மாசம் கேரண்டிங்க, வேர்வ படாம பாத்துக்குங்க’ என்று கடைக்காரரே வாய்திறந்து சொல்லிவிடுகிறார். தன் சாவுத் தேதியைச் சொல்லி விற்பனைக்கு வரும் ஆபரணம் வேறு இல்லை. பேத்திக்கும் கொள்ளுப்பேத்திக்கும் போய்ச் சேரும் என்று அது யாரையும் ஏமாற்றுவதில்லை. சித்திரை வெயிலில் கறுத்தால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு மாடல். இதன் பெயர்தான் அலங்காரம்.

அடுத்த வாதத்தைக் கன்னத்தில் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் பேசுகின்றன. வேய்ந்தது கூரையை, கூரைக்கு அடியில் இருப்பது மரம். உள்ளே ஒன்று, மேலே பொன். இதற்குச் சிதம்பரத்துக் கடைவீதியில் என்ன பெயர் என்று நான் சொல்லப்போவதில்லை. பெரியவர்கள் அடிக்க வருவார்கள். அதே சன்னதியில் திரைக்குப் பின்னால் ரகசியம் இருக்கிறது: வெறும் வெளி, அதன்மீது தொங்கும் பொன் வில்வ மாலைகள். அணிபவர் கண்ணுக்குத் தெரியாத அணி. எத்தனை பவுன் என்று அங்கே நின்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இனி, கடிகாரம். 2022 டிசம்பரில் தமிழக அரசியல் சில வாரங்கள் ஒரு கட்சித் தலைவரின் மணிக்கட்டை மட்டுமே சுற்றி வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். உலகில் 500 மட்டுமே செய்யப்பட்ட, ரஃபேல் விமானத்தின் பெயர் தாங்கிய பெல் அண்ட் ராஸ் கடிகாரம். எல்லாரும் அதன் ரசீதைக் கேட்டார்கள். அது ஓடுகிறதா, சரியான நேரம் காட்டுகிறதா என்று ஆளுங்கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் ஒருவரும் கேட்கவில்லை. ரசீது கேட்கப்படுவது நகைக்கு. கருதுகோளின் இரண்டாம் பாதி இத்துடன் நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம்.

ஆயினும் எண்களையும் பார்த்துவிடுவோம். சுவிஸ் தரச்சோதனையில் தேறிய எந்திரக் கடிகாரம் ஒரு நாளில் 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம். அதற்கே சான்றிதழ் தருகிறார்கள். நாளுக்கு 6 நொடி என்றால் வருஷத்துக்கு 2,190 நொடி, அதாவது ஒன்றரை நாழிகைக்குச் சற்று மேல். திருத்தாமல் இரண்டரை வருஷம் கட்டிக்கொண்டிருந்தால் ஒரு முழு ராகு காலமே காணாமல் போகும். சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே ஏறக்குறைய 15 நொடிதான் தவறும். டூர்பியோன் என்றொரு சுழலும் கூடு இருக்கிறது. அதற்காகவே சிலர் வீட்டு விலை கொடுக்கிறார்கள். பையில் செங்குத்தாகத் தொங்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு இழுக்கிறதே என்று பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. நாள் முழுக்க ஆடி அசையும் மணிக்கட்டில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. பிறை காட்டும் கடிகாரமும் உண்டு, விலை சொன்னால் தலை சுற்றும். எமகண்டம் காட்டுகிறதா? இல்லை. பாம்புப் பஞ்சாங்கம் காட்டுகிறது. நகைக்கடை இலவசமாகத் தரும் தினசரி நாள்காட்டியும் காட்டுகிறது.

இடையே ஒரு வருத்தம். ஓசூர் டைட்டன் 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். தனிஷ்க் நகையும் அதனுடையதே. அதில் கால் பங்குக்கு மேல் இன்றும் டிட்கோவிடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாமெல்லாரும் கடிகார முதலாளிகள், நகைக்கடை அதிபர்கள். கையைத் திருப்பி மணி பார்க்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. களப்பணியின்போது, பளிச்சென்று தெரியட்டும் என்று சட்டைக் கையை மடித்து விட்டிருந்த ஒரு மாப்பிள்ளைத் தோழனிடம் நேரம் கேட்டேன். பெருமையாகக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, செல்போனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

ஆய்வின் முடிமணி என்று நான் கருதும் கண்டுபிடிப்பு இது. சிற்றம்பலக் கூரையின் பொன் ஓடுகள் 21,600. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் 21,600 என்பது தில்லை மரபு. நிமிஷத்துக்கு 15, நாழிகைக்கு 360, அறுபது நாழிகைக்கு 21,600, கணக்கு பிசகவில்லை. இப்போது கடிகாரத்தின் முதுகைத் திறப்போம். இன்றைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்சின் இதயம் மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. பரங்கிப்பேட்டைக்காரர்கள் வளைகுடாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சீக்கோ 5-இல் பலவும் அதே 21,600. சுவிட்சர்லாந்து தில்லையைக் காப்பியடித்தது என்று எழுதக் கை துறுதுறுத்தது. அந்த வேலையை வாட்ஸ்அப்பில் வேறு யாராவது செய்வார்கள். நொடிக்கு ஆறு துடிப்பு, மணிக்கு 3,600 நொடி. அங்கேயும் இங்கேயும் அறுபதால் பெருக்கியதன் விளைவு. ஆனாலும், பொன்னும் நேரமும் ஒன்றாகக் கூடிய பொருளை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஏங்குகிறவர்கள் சிதம்பரம் கீழவீதியில் இறங்கி நடந்தால் செலவில்லாமல் பார்த்துவிட்டு வரலாம்.

ஆய்வேட்டை முதலில் வாசித்துக் காட்டியது புவனகிரி அத்தையிடம். காதில் தோடு, கழுத்தில் நான்கு பவுன் சங்கிலி. பொறுமையாகக் கேட்டார்.

‘எல்லாம் சரிதாண்டா. நடுராத்திரியில ஆஸ்பத்திரிக்காரன் மொதல்ல பணத்தக் கட்டுன்னா, ஒன் கவரிங்க வாங்கிக்கிட்டு எவன் பணம் குடுப்பான்?’

‘அதைத்தான் அத்தை நானும் சொல்றேன். அது நகையே இல்ல, பணம்.’

‘பணம்தான். நான் எப்ப இல்லன்னேன்?’

‘அப்ப பணத்த எதுக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியணும்? பீரோவுல வைக்கலாமே?’

‘பீரோ சாவி ஒங்க மாமாகிட்ட இல்ல இருக்கு’ என்றார்.

இந்தத் தரவை எந்த இயலில் சேர்ப்பது என்று நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன்.