கடைசி பெஞ்சில் ஓர் ஆசிரியை

1995, ஐப்பசி மாதம். சுருட்டிய சார்ட் ஒன்று மழையில் நனையாமல் இருக்க, அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நம்பர் 1 பஸ் ஏறினேன். பஸ் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது ஆறு இரு கரையும் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே பார்க்கவே இல்லை. சார்ட்டில் இரண்டு இரவு விழித்து கங்கையை வரைந்திருந்தேன். அது கசங்கிவிடக் கூடாது என்பதுதான் எனக்கு அன்று இருந்த ஒரே கவலை.

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு பி.எட். சேர்ந்திருந்தேன். பட்டப்படிப்புக்குப் பிறகு ஓராண்டு. சான்றிதழ் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். முதல் சில மாதங்கள் கல்லூரியிலேயே போயின: உளவியல், கற்பித்தல் முறைகள், பிறகு மைக்ரோ டீச்சிங். 6 நிமிடம் பாடம் நடத்த வேண்டும், 6 நிமிடம் குறை நிறை கேட்க வேண்டும், 12 நிமிடத்தில் திருத்தி எழுத வேண்டும். மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம். ஆக 36 நிமிடம். எதிரே தோழிகளே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்லும் அப்படிப்பட்ட பிள்ளைகளை அதன்பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

அதற்கடுத்துத்தான் டீச்சிங் பிராக்டிஸ், ஏறக்குறைய 40 நாள். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. பிள்ளைகள் எங்களை ‘டிரெயினிங் டீச்சர்’ என்பார்கள்.

முதல் நாள் சார்ட்டை மாட்டி, கங்கை உற்பத்தியாகும் இடத்திலிருந்து வங்கக் கடல்வரை குறிப்பேட்டில் எழுதியபடியே சொல்லி முடித்தேன். மணி அடித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த என் கைடு டீச்சர் எழுந்து வந்தார்.

“படம் ரொம்ப நல்லா இருக்கும்மா. நீ கங்கையைப் பாத்திருக்கியா?”

“இல்ல டீச்சர்.”

“இந்தப் பசங்க?”

“பாத்திருக்க மாட்டாங்க.”

“இங்கேருந்து நடந்தா அம்மா மண்டபம். நெறய பசங்க அங்கதான் நீச்சல் பழகினாங்க. நாளைக்குச் சார்ட் வேண்டாம். வெறுங்கையோட வா.”

அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் வெறுங்கையோடு போய், நடுங்கும் குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “நம்ம ஊரு ஏன் தீவா இருக்கு?”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது என்றாள் ஒருத்தி. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி என்றாள் இன்னொருத்தி. கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்குவதைக் கடைசி வரிசைப் பெண் சொன்னாள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் வரைந்தேன். சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் தானாகவே தீவாகிக்கொண்டு வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டிய கதையை நான் சேர்த்துச் சொன்னபோது, அதைக் கேட்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது.

அந்த 40 நாளில் டீச்சர் பெரும்பாலும் கடைசி பெஞ்சில்தான் இருந்தார். என் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் அவர் எழுதிய ஒரு வரி இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘ஜன்னலோரப் பெண் மூன்று முறை கையைத் தூக்கி இறக்கினாள். நீ பார்க்கவில்லை.’ உளவியல் ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, ஆல்பம் என்று செய்முறைத் தேர்வுக் கமிஷனுக்காக நாங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதியவை எல்லாம் எங்கே போயினவோ தெரியாது. அந்த ஒரு வரிதான் என்னை ஆசிரியையாக்கியது.

படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தபடி தனியார் பள்ளிகளில் வேலை பார்த்தேன். 2008-இல் பதிவு மூப்பில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியையானேன். 12 வருடக் காத்திருப்பு.

அதன்பின் எல்லாமே மாறியது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. தமிழ்நாட்டில் 2012 ஜூலை 12-இல் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். அந்த எண்ணைப் படித்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் பேசவில்லை. பி.எட். சான்றிதழும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாறியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளால் 2015 முதல் படிப்பு இரண்டு ஆண்டானது. பள்ளியில் பயிற்சி பெறும் காலம் 20 வாரமாக நீண்டது.

இப்போது நான் வேலை பார்ப்பது கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பள்ளியில். கைடு டீச்சர் நான். என் வகுப்புக்கு வந்திருக்கும் பெண் மண்ணச்சநல்லூர் பக்கத்திலிருந்து வருகிறாள். மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் ஏறுவதால், என்னைப் போல் சில்லறை எண்ணும் வேலை அவளுக்கு இல்லை. கையில் சார்ட்டும் இல்லை. செல்போனை ஸ்மார்ட் போர்டில் இணைத்து, 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் உடைந்து விழுந்த வீடியோவைப் போட்டாள். இந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

படம் ஓடும்போதே ஒரு பையன், “எங்கப்பா அங்க மணல் மூட்டை அடுக்கப் போனாரு மிஸ்” என்றான். அவள் உடனே வீடியோவை நிறுத்தினாள். அவனை முன்னால் வரச் சொன்னாள். மீதிப் பீரியட் முழுக்க அவன் சொன்னான், மற்றவர்கள் கேட்டார்கள். வெறுங்கையோடு நிற்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. இவளுக்கு அது வரும்போதே வந்திருந்தது. அவள் நோட்டில் அதைத்தான் முதலில் எழுதினேன்.

ஆனால் அதேபோல் எழுத எனக்கு எத்தனை நாள் வாய்த்தது? என் டீச்சர் எனக்காக உட்கார்ந்ததில் பாதிகூட நான் இவளுக்காக உட்காரவில்லை. வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், கேட்கும் விவரங்களை அனுப்ப வேண்டும், என் சொந்த வகுப்புகள் வேறு. எந்த ஆசிரியராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு டிரெயினியை அனுப்பிவிடுகிறோம். அங்கே அவளைக் கவனிக்க யாரும் இல்லை. 40 நாளை 20 வாரமாக்கிய விதிகளால், கடைசி பெஞ்சில் ஓர் ஆளை உட்காரவைக்க முடியவில்லை. 2025-இல் ஓராண்டுப் படிப்பை மீண்டும் கொண்டுவரும் வரைவும் வெளியாகியிருக்கிறது. ஓராண்டா, இரண்டாண்டா என்ற வாதம் நடக்கட்டும். வழிகாட்டும் ஆசிரியருக்கு அந்த வாரங்களில் நாளுக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள் என்றுதான் நான் கேட்பேன். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. கால அட்டவணையில் ஒரு கட்டம் போதும்.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எனக்கு 52 வயது; ஓய்வுக்கு இன்னும் 8 ஆண்டு. 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். மதிய உணவு வேளையில் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அவளும் அதே தகுதித் தேர்வு வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறாள்.

ஒருநாள் வைகாட்ஸ்கியில் தடுமாறினேன். “ஈஸி டீச்சர். ஒரு புள்ளை தனியா செய்ய முடியாததை, தெரிஞ்சவங்க கூட இருந்தா செய்யும். அந்த நடு இடத்துலதான் அது வளருதுன்னு சொல்றார்” என்றாள். எனக்குச் சட்டென்று ஸ்ரீரங்கத்துக் கடைசி பெஞ்சு கண்முன் வந்தது. ஒரு ரஷ்ய அறிஞர் எழுதிவைத்ததை, பெயர் சொல்லாமலே என் டீச்சர் எனக்குச் செய்திருக்கிறார்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், என் மூன்றாவது பீரியடை இன்னொருவரோடு மாற்றிக்கொடுக்கக் கேட்டேன். சம்மதித்தார். டிரெயினியின் பயிற்சியில் இன்னும் 7 வாரம் இருக்கிறது. நாளை அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு. நோட்டும் சிவப்புப் பேனாவும் எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னலோரம் யார் கையைத் தூக்கி இறக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.