சக்கரபாணி

கார் வாங்கிய அன்றைக்கே அதனிடம் திருப்தி அடைந்துவிடுகிற சாமானிய ஜனங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்கிய ஆறாம் மாதம், தொழிற்சாலைக்காரர்கள் தம்முடைய வண்டியின் நான்கு மூலைகளிலும் மகத்தான லோபித்தனம் செய்துவிட்டார்கள் என்கிற ஞானோதயம் பெற்று, அந்த அநியாயத்தை நிவர்த்தி செய்யும் பொருட்டுத் தீபாவளிப் போனஸையும் மனைவியின் சீட்டுப் பணத்தையும் ஒருசேர அர்ப்பணம் செய்கிறாரே, அந்த மகானுபாவர்தான் நம் கதாநாயகர். வீட்டில் அவருக்கு இட்ட பெயர் எதுவாயிருந்தாலும் நாம் அவரைச் சக்கரபாணி என்றே அழைப்போம். வைகுண்டத்தில் இருப்பவர் ஒரே சக்கரத்தோடு போதுமென்று இருந்துவிட்டார், இவர் நான்கு வாங்கினார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

சென்னையில் மோட்டார் அலங்காரக் கடைகள் நிறைந்த ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கு அவர் போனது, உண்மையில், காருக்குள் போடும் மிதியடி ஒன்று வாங்கத்தான். அங்கே ஒரு பையன் வண்டியைச் சுற்றி வந்து, இரக்கத்தோடு உச்சுக்கொட்டி, "வண்டி சூப்பர்ணே. டயர்தான் சைக்கிள் டயர் மாதிரி தெரியுதுண்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. அன்றிரவு அவர் உறங்கவில்லை.

அவருடைய மாருதி ஸ்விஃப்டுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் அருளியிருந்த அளவு 185/65 ஆர் 15. அதாவது டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். (மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் ஒரே வரியில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தும் இடம் டயரின் விலாப்புறம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.) அந்த இடத்தில் சக்கரபாணி 215/40 ஆர் 17 என்பதைப் பிரதிஷ்டை செய்தார். அகலம் கூடியது, அலாய் வீல் பளபளத்தது, தெருப் பையன்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 120 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காற்றும் ரப்பருமாக இருந்த மெத்தை 86 மில்லிமீட்டராகச் சுருங்கிப்போன சமாசாரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர், பின் ஆசனத்தில் அமர்ந்து வந்த அவருடைய மாமனார்தான்.

"மாப்பிள்ளை, ரோட்டிலே கிடக்கிற ஒத்தை ரூபா தலையா பூவான்னு உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிடலாம் போலிருக்கே!" என்றார் பெரியவர்.

"அதுக்குப் பேர்தான் ரோடு ஃபீலு, மாமா" என்றார் மாப்பிள்ளை, கர்வம் குறையாமல்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குட்டையான பக்கச்சுவர் வளைவுகளில் அதிகம் நெளிவதில்லை. ஸ்டீயரிங் சொன்ன மாத்திரத்தில் சக்கரம் கேட்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் அகலமான டயருக்குப் பிடிப்பும் கூடுதல்தான். சக்கரபாணி வாங்கிய டயர்களோ, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று 'டபிள்யூ' என்கிற எழுத்தால் சான்றளிக்கப்பட்டவை. இத்தகைய சக்தி வாய்ந்த சாதனங்களைப் பூட்டிக்கொண்டு அவர் வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறார். ஷேர் ஆட்டோக்கள் அவரை முந்துகின்றன. தண்ணீர் லாரி முந்துகிறது. ஒரு முறை சுவாமி புறப்பாடு ஒன்றுகூட முந்தியதாகக் கேள்வி. ஏனென்றால், அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ரிம்மின் விளிம்பை நெளிக்கக் காத்திருக்கும் ஜன்ம விரோதி என்பதும், எந்தப் பள்ளத்தை இடப்புறமும் எதை வலப்புறமும் விலக்கிப் போகவேண்டும் என்பதும், எது நேற்று மூடப்பட்டு இன்று வேறு இலாகாவால் மீண்டும் தோண்டப்பட்டது என்பதும், மாநகராட்சிப் பொறியாளர்களுக்கே தெரியாத நுட்பத்தோடு அவருக்கு மனப்பாடம். வேகத்தடை வந்தால் மனைவியும் குழந்தைகளும் சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கி நடந்து, அப்பால் போய் நின்றுகொள்கிறார்கள். வண்டி கோணலாக, ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கி, அவர்களிடம் வந்து சேருகிறது.

ஆஃப்செட் என்றொரு விஷயம் உண்டு. அது குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும்; துருத்துவதுதான் அழகு என்பது சக்கரபாணியின் சித்தாந்தம். ஆனால் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து வண்டி அமிழ்ந்தால், டயர் மட்கார்டு விளிம்பில் உரசி ஒரு விதமாக முனகுகிறது. ஆகையால் கல்யாண வீட்டு வாசலில் "நம்ம வண்டியிலேயே வாங்களேன்" என்று உறவினரை உபசரிக்கும் முன்னால், அவர் அவர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தரம் பார்க்கிறார். சதைப்பிடிப்பான சித்தப்பாக்களுக்கு அவர் வண்டியில் இடம் கிடைத்ததில்லை. அவர்கள் அதை அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மைலேஜ் குறையவே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்தின் மர்மம் இதுதான்: பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், புதியதோ 604, சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகத் தடவை சுற்றவேண்டியிருப்பதால், வண்டி 97 கிலோமீட்டர் ஓடும்போதே மீட்டர் 100 என்று காட்டுகிறது. தரைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள உயரமும் ஒன்பது மில்லிமீட்டர் போனது. போனதைக் காட்டும் மீட்டர் இல்லாததால் அதைப் பற்றி வாக்குவாதமும் இல்லை.

ஐப்பசி மழையில், குறுகிய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் அகன்ற டயர் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். அந்த மாதம் முழுவதும் அவர் மின்சார ரயிலில் போகிறார். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கும், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் வேற்றுமை வரும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதையும், உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை அழுத்திச் சொன்னதையும் யாராவது எடுத்துக் காட்டினால், "எஞ்சின் ஒரிஜினல் சார்" என்று பதில் சொல்வார்.

கடைசியில் வண்டியை விற்கும் காலம் வந்தது. வாங்க வந்தவர் கம்பெனிச் சக்கரங்களைத்தான் கேட்டார். அவை பரணிலிருந்து இறங்கின. அகலச் சக்கரங்கள் சாக்கில் கட்டப்பட்டுப் பரண் ஏறின. சில நாட்களில் சக்கரபாணி குடும்ப சமேதராய் ஒரு ஷோரூமுக்குப் போனார். விற்பனைப் பையன் காற்றுப்பை ஆறு என்றான், கூரையில் ஜன்னல் என்றான், வட்டியில் சலுகை என்றான். நம்மவர் எதையும் காதில் வாங்காமல், சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, முன்சக்கரத்தின் எதிரே மண்டியிட்டு அமர்ந்தார்.

"இதிலே அஞ்சு நட்டா?"

"ஆமா சார், அஞ்சு."

"அப்ப வேண்டாம்ப்பா. நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம். அதிலே எந்த வண்டி இருக்கோ, அதைக் காட்டு."