செல்லூரிலிருந்து தெற்கு மாசி வீதிக்கு

மதுரைக்குள் நேர்வழி என்று ஒன்று கிடையாது. ஊரின் நட்டநடுவில் மீனாட்சி அம்மன் கோயில் 847 அடி நீளமும் 792 அடி அகலமுமாக அமர்ந்திருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே போகிறவரும் சரி, கிழக்கிலிருந்து மேற்கே போகிறவரும் சரி, அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும். கோயிலை ஒட்டிச் சித்திரை வீதிகள், அடுத்த சுற்றில் ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். எந்தச் சுற்றில் நுழைவது, எந்த முக்கில் அதை விட்டு அடுத்த சுற்றுக்கு இறங்குவது, இதுதான் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவரின் கணக்கு முழுவதும்.

நான் அந்தக் கணக்கைப் படித்தது 1980-களின் தொடக்கத்தில். வீடு செல்லூரில், வைகைக்கு வடகரை. வேலை தெற்கு மாசி வீதியில், ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில். நடுவில் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொத்த ஊரும். அப்பா வாங்கிக் கொடுத்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் கேரியரில் துணிக்கட்டு ஏறினால் முன்சக்கரம் லேசாகத் தூக்கும். அந்தப் பாரத்தோடு நெரிசலில் நின்று நின்று போவது கொடுமை. ஓட்டம் அறுபடாத வழிதான் எனக்கு வேண்டியிருந்தது. தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கடையில் மூட்டை கட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏந்தம்பி, எந்த வழியா வர்ற?"

கல்பாலம், யானைக்கல், சிம்மக்கல், வடக்கு மாசி, கீழ மாசி, விளக்குத்தூண் என்று ஒப்பித்தேன்.

"அது காலைல வர்ற வழி. சாயங்காலம் அதுல போயிறாத. எத்தனை மணிக்குப் போறேன்னு சொல்லு, வழி சொல்றேன்."

அவர் சொல்லிக் கொடுத்தது நாள்கணக்கில் நடந்தது. கீழ மாசி வீதி பலசரக்கு மொத்தக் கடைகளின் தெரு. லோடு இறங்கும் நேரத்தில் மாட்டுவண்டியும் தள்ளுவண்டியும் லாரியும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். மிளகாய் வத்தல் மூட்டை இறங்கினால் அந்த நெடியில் கண்ணைத் திறந்து ஓட்ட முடியாது. வடக்கு ஆவணி மூல வீதியில் சென்ட்ரல் மார்க்கெட். விடியற்காலையில் அங்கே சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்கறிக் கூடை கட்டிய சைக்கிள்கள் வரிசையாக வந்து இறங்கும். தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலையும் நசுங்கிய தக்காளியும் கிடக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். மேற்கே ஹார்வி மில் சங்கு ஊதி ஷிப்டு விட்டால் ஸ்டேஷன் பக்கமே போகக்கூடாது, தெரு அடைத்துச் சைக்கிள்தான். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த கொட்டகை, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் பெருமை பேசியது. ஆட்டம் விட்டால் அந்தத் தெருவும் அதையொட்டிய சந்துகளும் கால்மணி நேரத்துக்கு நம்முடையவை அல்ல. ஆகவே எந்தப் படம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் வைகையில் தண்ணீர் வந்தால் கல்பாலம் முங்கிவிடும், ஏ.வி. பாலத்தின் மேலேறித்தான் வர வேண்டும். சித்திரையில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளை மறந்துவிட வேண்டும். யானைக்கல்லிலிருந்து கீழ வெளி வீதியைப் பிடித்துக் கீழவாசல் வந்து, பந்தடித் தெருக்களுக்குள் புகுந்து, திருமலை நாயக்கர் மகாலைத் தொட்டுக்கொண்டு கடைக்கு வந்து சேருவோம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சைக்கிளையே எடுப்பதில்லை. இரவில் டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர்கள் வால்டியூபைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், விளக்கு பழுதான நாளுக்கென்று தனியாகச் சில சந்துகள்.

இத்தனைக்கும் எங்கேயும் சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. யாரும் எங்களுக்காகத் திட்டம் தீட்டவும் இல்லை. ஆனால் எந்தத் தெருவும் எங்களுக்கு மூடியிருக்கவில்லை. மாசி வீதி அடைத்தால் ஆவணி மூல வீதி, அதுவும் அடைத்தால் எழுகடல் தெரு. புது மண்டபத்துத் தையல்காரர்களுக்குத் துணி கொண்டுபோகும் நாட்களில் கீழச் சித்திரை வீதி வழியாகவே போவேன். அம்மன் சந்நிதிக்கு நேரே இறங்கி, பத்தடி உருட்டிக்கொண்டு நடந்து, மறுபடி ஏறுவேன். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் செய்தார்கள். ஆட்கூட்டமும் சைக்கிளும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே தெருவில் போக அந்த மரியாதை போதுமானதாக இருந்தது.

இந்தத் தெருக்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், மூச்சுமுட்டிக் கிடந்த ஊரை விரிக்க வேண்டும் என்று பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அப்படி வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் நில அளவையாளராக இருந்தவர் மாரட், மேஸ்திரியாக இருந்தவர் பெருமாள். மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அவர்கள் பேரில் இன்றும் இருக்கின்றன. கலெக்டருக்கு ஊரார் நன்றியாக நட்டதுதான் விளக்குத்தூண். தெரு போட உழைத்த ஒரு மேஸ்திரியின் பேர் தெருவுக்கே வைக்கப்பட்ட ஊர் இது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. ஜனங்கள் காற்றோட்டமாக நடமாட வேண்டும் என்று ஒரு கோட்டையையே இடித்தார்கள்.

போன வருடம் அக்காவின் பேத்திக்கு அதே தெற்கு மாசி வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. அவளும் செல்லூர்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டில் நல்ல நிலையில் நின்றது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதில் போகலாமே என்றேன். "சிம்மக்கல்லுல இறங்கி அங்கேருந்து நடக்கணும் தாத்தா. ராத்திரி கடை அடைச்சு வர்றப்ப பஸ்ஸும் சரியா கிடைக்காது. சைக்கிள்னா என் கையில இருக்கும்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையின் நியாயம் எனக்குத் தெரியும். "எந்த வழியா போறது, நீங்கதான் சொல்லணும்" என்று அவள் கேட்டபோது, பெரியவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வேலை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். கார், பஸ், நடை, இருசக்கர வாகனம் என்று அதில் வழி கேட்கலாம். இருசக்கரம் என்று அது காட்டுவது மோட்டார் வண்டிக்கான வழி. ஒருவழித் தெருக்களை மதித்து, ஊரைச் சுற்றி வெளி வீதியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. என்ஜின் உள்ளவருக்கு அந்தச் சுற்று ஒரு பொருட்டில்லை. மிதிக்கிறவருக்கோ ஒவ்வொரு சுற்றும் காலில் இறங்குகிறது. அதைவிட மோசம், பஸ்ஸும் லாரியும் வேகமெடுக்கும் தெருவாகப் பார்த்து அந்தப் பிள்ளையை அனுப்புகிறது. மூச்சுவிட வழி வேண்டும் என்று அகழியைத் தூர்த்துப் போட்ட வீதிதான் இன்று சைக்கிளில் குறுக்கே கடக்க மிகவும் அச்சம் தரும் வீதி.

ஆகவே இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போய்ப் பார்த்தோம். விடிந்ததும் போனோம், கடை திறக்கும் நேரத்தில் போனோம், முகூர்த்த நாளில் வேண்டுமென்றே போனோம்.

ஊர் மாறித்தான் இருக்கிறது, பல இடங்களில் நல்லபடியாகவே. சித்திரை வீதிகளில் கல் பாவி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓடுகின்றன. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மதுரையின் நடுவில் புகையும் ஹாரனும் இல்லாத அந்த ஒரே சுற்றில் சைக்கிளுக்கும் இடமில்லை. விடியற்காலையில், ஆள் நடமாட்டம் தொடங்காத நேரத்தில், உருட்டிக்கொண்டு போகிறோம் என்று கேட்டுப் பார்த்தோம். தடுப்பருகே நின்றவர் மரியாதையாகவே சொன்னார்: "வண்டின்னா வண்டிதாங்கய்யா." சத்தம், புகை, வேகம், இடநெருக்கடி என எதற்காக வண்டிகளைத் தடுத்தார்களோ, அதில் எதையும் செய்யாத வண்டியும் அதே கம்பிக்கு வெளியே நிற்கிறது.

மாசி வீதிகளைத் தோண்டி, குழாயும் கேபிளும் புதைத்து, தெருவைப் புதிதாகப் போட்டார்கள். சைக்கிள் குலுங்காமல் போகிறது, அது உண்மை. ஆனால் சைக்கிள் போக வேண்டிய ஓரத்தை, இருபுறமும், கடைக்கு வந்தவர்களின் மோட்டார் வண்டிகள் காலையிலேயே எடுத்துக்கொள்கின்றன. மிச்சமுள்ள நடுத்தெருவில் பின்னால் வரும் ஆட்டோவுக்கு ஈடுகொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது. ஒதுங்கலாம் என்று பார்த்தால் சந்துகள் பல ஒருவழி. கார்களின் நெரிசலைப் பிரிக்க வந்த விதி அது. இரண்டு கார் எதிரெதிரே வர முடியாத சந்தில் இரண்டு சைக்கிள் தாராளமாகப் போகும். பெல்ஜியத்தில் பெரும்பாலான ஒருவழித் தெருக்களில் சைக்கிள் மட்டும் எதிர்த்திசையில் போகலாம் என்றே விதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு பலகை வேண்டும். ஜடாமுனி கோயில் தெருவிலும் கான்சா மேட்டுத் தெருவிலும் அப்படி ஒரு பலகை ஏன் இருக்கக் கூடாது என்று நான் கேட்காத ஆளில்லை.

சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. வடக்கு ஆவணி மூல வீதியில் அது இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் எழுந்திருக்கிறது. காய்கறிக் கூடையோடு சைக்கிள்கள் வந்து குவிந்த மனையில் தளத்துக்குமேல் தளமாகக் கார் ஏறுகிறது. வெளியூரிலிருந்து வருகிற பக்தர்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் காலை முதல் இரவு வரை நின்று வேலை பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் சைக்கிளில் வருகிறவர் அதைப் பூட்டி நிறுத்த ஒரு கொட்டகை இருக்கிறதா என்று நாங்கள் இருவரும் தேடி அலைந்தோம். கடைசியில் பத்துத்தூண் சந்துப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர், "நம்ம கடை ஓரத்துல போட்டுக்கம்மா" என்றார்.

யார்தான் இன்னும் சைக்கிளில் போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கல்பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். பூக்கூடை வைத்த அம்மா, கொத்தனார் வேலைக்குப் போகிறவர், டீ கேன் கட்டியவர், நகைப் பட்டறைக்குப் போகும் ஆசாரி. யாரும் உடம்பைக் குறைக்க மிதிக்கவில்லை, ஊரைக் காப்பாற்றவும் மிதிக்கவில்லை. பெட்ரோல் போட்டால் கூலியில் மிஞ்சாது. இவர்கள் பேசுவதற்கு ஒரு கூட்டத்திலும் நாற்காலி போடப்படுவதில்லை. பள்ளிக்கூடம் போகச் சைக்கிள் கொடுத்த அதே மாநிலத்தில், படிப்பு முடிந்து வேலைக்குப் போக அந்தச் சைக்கிளுக்குத் தெரு கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. எனக்குள்ள வருத்தம் இதுதான், இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளத் தயாரில்லை.

சரி, வழி. காலைக்கு ஒன்று தேறியது. செல்லூரிலிருந்து ஆற்றங்கரைச் சாலை. கல்பாலத்தில் தண்ணீர் இல்லையென்றால் அதன் வழியே யானைக்கல். சிம்மக்கல் சிக்னலைத் தொடாமல் கீழ வெளி வீதியில் இடது ஓரமாகக் கொஞ்ச தூரம் போக வேண்டும், அந்த நேரத்தில் பஸ் கூட்டம் இன்னும் சேராது. கீழவாசலுக்கு முன்பே இறங்கி உருட்டிக் கடந்து, பந்தடித் தெருக்களுக்குள் புகுந்துவிட்டால் பயமில்லை. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள், பால்காரர், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள், அவ்வளவுதான் போக்குவரத்து. மகால் பக்கம் வெளிப்பட்டு, விளக்குத்தூணுக்குச் சற்று முன்னால் சைக்கிளைப் பூட்டிவிட்டு மிச்சத்தை நடந்துவிடலாம். தேரோட்டத்தன்று பெரியவர் எங்களை அனுப்பிய வழி கிட்டத்தட்ட இதுதான். அன்றைக்குத் திருநாளில் மட்டும் தேவைப்பட்ட சுற்றுவழி, இவளுக்கு அன்றாட வழியாகிவிட்டது.

பேத்தி அதை ஒரு தாளில் வரைந்து, எந்த முக்கில் இறங்க வேண்டும் என்று சிவப்பில் குறித்துக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பிக் காட்டி, "காலை வழி சரி தாத்தா. ராத்திரி வழி?" என்றாள்.

அது இன்னும் முடியவில்லை. கடை அடைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் பந்தடித் தெருக்கள் அடங்கிவிடும், கல்பாலத்தில் வெளிச்சம் போதாது, கீழ மாசிக்கு லோடு லாரிகள் வரத் தொடங்கும். ஏ.வி. பாலத்தில் வெளிச்சம் இருக்கிறது, வண்டிகளின் வேகமும் இருக்கிறது. கோரிப்பாளையத்திலிருந்து அதே கடைக்கு வரும் இன்னொரு பெண் தானும் சைக்கிள் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறாளாம். இரண்டு பேர் சேர்ந்து போனால் வடக்கு மாசி வழியே நேராக வந்துவிடலாம் என்று பேத்தி சொல்கிறாள். எனக்குக் கீழ வெளி வீதிதான் மேல் என்று படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் மூன்று பேரும் இரண்டு வழியிலும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.